ஆறு, இரண்டு, பூஜ்ஜியம், ஐந்து

முதலில் அது வெறும் முனகல்.
இடது பின்சக்கரத்தில்,
ப்ரோஸ்பெரோ தெருத் திருப்பத்தில் மட்டும்.
வாழைத்தார் ஏற்றினால் குரல் உயரும்,
பள்ளிப் பிள்ளைகள் மூவர் என்றால் தாழும்.
ஏழாம் நாள் ஒரு கிழவர் பாதி வழியில் இறங்கிக்கொண்டார்.
"உன் வண்டி காப்பிக்கொட்டை அரைக்கிறது, நெலிதா."
மீதிக் காசை வாங்காமல் நடந்தார்.
அதுதான் உறைத்தது.

ஜாக்கி இல்லை. நான்கு செங்கல், ஒரு மரத்துண்டு.
சக்கரத்தின் தலையிலும் காலிலும் பிடித்து ஆட்டினேன்.
டக். டக்.
ஆடக் கூடாதது ஆடினால்
கைக்கு உடனே தெரிந்துவிடுகிறது.
வலதையும் ஆட்டிப் பார்த்தேன். அதுவும்.

கழற்றினால்
கிரீஸ் இருந்த இடத்தில் செஞ்சேறு.
எண் தேய்ந்து ஆறு, இரண்டோடு நின்றது.
மிச்சத்தை இரவல் வெர்னியரில் படித்தேன்:
உள்ளே இருபத்தைந்து, வெளியே ஐம்பத்திரண்டு,
கனம் பதினைந்து.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
எங்களுக்கு எல்லாமே ஆற்றில்தான் வருகிறது;
இக்கிட்டோசுக்குச் சாலை கிடையாது.

அந்த ஆகஸ்டில் ஆறு வற்றியிருந்தது.
புகல்பாவிலிருந்து புறப்பட்ட சரக்குப் படகு
மணல்திட்டில் வயிற்றை ஊன்றி நின்றது,
நானூறு மூட்டை சிமெண்டோடு,
யாருடைய கல்யாணக் கட்டிலோடோ,
என் பேரிங்குகளோடு.

முதல் கடையில் சிரித்தார்கள்.
இரண்டாவதில் பளபளப்பாய் ஒன்றை நீட்டினார்கள்;
பெட்டியில் கம்பெனிப் பெயருக்கு ஓர் எழுத்து கூடுதல்.
காதோரம் வைத்துச் சுழற்றினேன்:
பிறந்த அன்றே ஆஸ்துமா.
மூன்றாவதில் எல்விசியோ
பல்பு டப்பாக்களுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவி
ஒன்று எடுத்தார்.
"ஜோடியை வில்டர் கனாகிரி காலையில் கொண்டுபோனான்."

வில்டர்!
மசூசா துறைமுக வரிசையில்
இரண்டு முறை என்னை முந்தியவன்.
ஒற்றைச் செருப்பு வாங்கியவள்போல
அவன் வீட்டு முன்னால் போய் நின்றேன்.
அவன் வண்டியும் செங்கல் மேல்.
அடியில் ஒரு கோழி.
"ஒன்றா?"
"ஒன்று."

யார் வண்டி என்பதிலேயே அரை மணி நேரம் போனது.
உன் கூரை ஒழுகும் என்றேன்.
மழைதான் இல்லையே என்றான்.
மழை இருந்தால் படகு வந்திருக்குமே,
நான் ஏன் உன் முகத்தைப் பார்க்கிறேன் என்றேன்.
கோழி எழுந்து போனது.

புது பேரிங் இரண்டையும்
ஃப்ளோர்மிராவின் ஐஸ்கிரீம் பெட்டியில்
பனம்பழ ஐஸுக்கு நடுவே படுக்கவைத்தோம்.
கொஞ்சம் சுருங்கட்டும்.
அதற்குள் பழையதை உள்ளிருந்து தட்டி வெளியேற்றினோம்,
மேலே ஓர் அடி, எதிரே ஓர் அடி,
கோணாமல்.
ஹப்பின்மேல் கொதிநீர்.
கொஞ்சம் விரியட்டும்.
"உள்வளையத்தில் அடிக்காதே!"
"எனக்குத் தெரியும்!"
பழைய பேரிங்கையே புதியதன் தலையில் வைத்து அடித்தான்.
ணங், ணங் என்று வந்த ஓசை
ஓர் அடியில் தடித்து, டப் என்றது.
உட்கார்ந்துவிட்டது.
இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதை
இருவருமே கவனிக்காததுபோல் இருந்தோம்.

பகல் எனக்கு, இரவு அவனுக்கு.
பதினொரு நாள்.
விடியலில் கண்ணாடி அவன் உயரத்துக்குத் திரும்பியிருக்கும்;
வானம் மட்டும் தெரியும்.
பெட்ரோல் சொன்னதைவிட ஒரு விரல் குறைவாய் வைப்பான்.
நானும் ஒரு விரல் குறைத்தே வைத்தேன்.
இதை அவனிடம் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாள் படகு மிதந்தது.
ஒரு பேரிங்தான் கடன். கொடுத்தேன்.
இன்னொன்றை அவன் காசில் வாங்கினான்.
நன்றி என்ற சொல்லை
எந்தப் பக்கமும் யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் மசூசாவில், வரிசையில்,
மூன்றாம் முறையாக என்னை முந்தினான்.
வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.
காது மட்டும்
அவன் பின்சக்கரங்களோடு போய்க்கொண்டிருந்தது,
திருப்பம் வரைக்கும்.
சத்தமே இல்லை.